மழை வந்தால் சன்னலைச் சாத்து: ஒரு குடும்பத்தின் இடமாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

வெயில் காயும் ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு குடும்பம், வேலை நிமித்தமாக, மழை ஓயாத ஒரு குளிர்ந்த கடலோரச் சிற்றூருக்குக் குடிபோனது. கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், கணவனின் தாய் என நான்கு பேர். முதல் குளிர்காலம் முடிவதற்குள் படுக்கையறைச் சுவரில் கரும்பூஞ்சை படர்ந்தது. மகளுக்கு விடாத இருமல். மனைவிக்குக் காலையில் எழுந்திருக்கவே முடியாத சோர்வு. தாயாருக்கு நாற்காலியிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டிய நிலை.

இவர்கள் யோசிக்காமல் கிளம்பிப் போனவர்கள் இல்லை. கனமான கோட்டு, கம்பளி உள்ளாடை, தடித்த போர்வை, ஹீட்டர் என்று பட்டியல் போட்டு வாங்கினார்கள். வெப்பநிலை எவ்வளவு இறங்கும் என்று மாதவாரியாகக் குறித்து வைத்திருந்தார்கள். அப்படியும் ஏன் இவ்வளவு அவதி? குடும்பத்தோடு நெருங்கிப் பழகியவன் என்பதால் அந்தக் கேள்வியைக் கூடவே இருந்து பார்க்க எனக்கு வாய்த்தது. அவர்கள் சம்மதத்தோடு, பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிரால் வந்த கேடு இதில் மிகக் குறைவு. பழைய ஊரில் நூற்றுக்கு நூறு சரியாக இருந்த அன்றாடப் பழக்கங்கள் புது ஊரில் தலைகீழாக வேலை செய்தன. பெட்டிகளைக் கட்டும்போது பழக்கங்களும் கூடவே வருகின்றன என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது இயல்புதான், சரியாக நடக்கும் ஒரு பழக்கம் நம் கண்ணுக்கே தெரிவதில்லை.

ஊரின் வானிலை

இப்படிப்பட்ட ஊர்கள் பெரும்பாலும் கண்டங்களின் மேற்குக் கரையில், ஏறத்தாழ 40 முதல் 60 டிகிரி அட்சரேகைக்குள் இருக்கின்றன. நார்வேயின் பெர்கன், அயர்லாந்தின் கால்வே, அமெரிக்காவின் சியாட்டில் எல்லாம் இந்த வரிசையில் வருபவை. மேற்கிலிருந்து வீசும் காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. கரைக்குப் பின்னால் மலை இருந்தால் அந்தக் காற்று மேலேறிக் குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. மலைகள் சூழ்ந்த பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வது இதனால்தான்.

ஆனால் மழையின் அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மியாமியில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சியாட்டிலின் சராசரி 1,000-ஐக்கூட எட்டுவதில்லை. இருந்தும் மியாமியை யாரும் இருண்ட ஊர் என்று சொல்வதில்லை. சூடேறிய நிலத்திலிருந்து காற்று விறுவிறுவென்று மேலெழுந்து, பிற்பகலில் கொஞ்ச நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் வெளுத்துவிடும். சியாட்டிலிலோ கடலிலிருந்து வரும் அகன்ற மேகப் படலம் தலைக்கு மேலே நின்றுகொண்டு நாள் முழுக்கத் தூறும். மழையை அளக்கும் குவளை நிறையாது, வானமும் திறக்காது.

கடல் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். அதனால் இவ்வகை ஊர்களில் உறைபனி குறைவு. குளிர்காலப் பகலில் 5 முதல் 10 டிகிரி வரை இருக்கும். இந்த எண்தான் குடும்பத்துக்குத் தைரியம் கொடுத்தது. "பனிகூடப் பெய்யாதாம், சமாளிச்சிடலாம்" என்று கணவன் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். குளிரைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியாகவே இருந்தது. 2013-இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சோதனையில், தன்னார்வலர்களைத் தினமும் 6 மணி நேரம் 15, 16 டிகிரியில் உட்கார வைத்தார்கள். பத்தே நாளில் அவர்கள் உடலில் வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பின் செயல்பாடு கூடியது, நடுக்கம் குறைந்தது. உடம்பு குளிருக்கு வேகமாகப் பழகுகிறது. வீட்டுச் சுவருக்கு அப்படிப் பழகத் தெரியாது.

வீடு

வீடு பார்க்க அவர்கள் வந்தது ஜூலை மாதம். தெற்கே ஒரு குன்று, முன்னால் அடர்ந்த மரங்கள், வடக்குப் பார்த்த அறைகள். "வெயிலே உள்ள வராது, நல்ல வீடு" என்று தாயார் மகிழ்ந்தார். வெயில் ஊரில் வீட்டுக்குத் தரக்கூடிய உயர்ந்த பாராட்டு அது. இங்கே அதுவே அந்த வீட்டின் முதல் குறை. வட கோளத்தில் 50 டிகிரி அட்சரேகையை ஒட்டிய ஓர் ஊரில், டிசம்பர் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 16 டிகிரிதான் ஏறும். தெற்கே ஒரு சின்னக் குன்று போதும், மாதக்கணக்கில் வெயில் அந்த வீட்டைத் தொடாது. சுவரின் வெளிப்பக்கம் காயவே காயாது.

அப்புறம் சன்னல். தூறல் விழுந்ததும், "மழை வருது, சன்னலைச் சாத்தும்மா" என்பார் தாயார். "சாத்திட்டேன் அத்தை" என்று மருமகளின் பதில் உடனே வரும். தூறல் ஓயாத ஊரில் சன்னல் அக்டோபரில் சாத்தியது, மார்ச் வரை அநேகமாகத் திறக்கவே இல்லை.

இதை விளக்கக் கொஞ்சம் கணக்கு வேண்டும். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நீராவியைத் தாங்கும். வெயில் ஊரில் மழை நேரத்துக் காற்று 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 22 கிராம் நீராவி இருக்கும். அது உள்ளே வந்தால் துணி நமுக்கும், தரை பிசுபிசுக்கும். சாத்துவது நியாயம். குளிர்ந்த ஊரில் வெளியே 6 டிகிரி, ஈரப்பதம் 100 சதவீதமே இருந்தாலும், அந்தக் காற்றில் இருப்பது கன மீட்டருக்கு 7 கிராமை ஒட்டித்தான். அது உள்ளே வந்து 17 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதாவது, வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்போதே சன்னலைத் திறந்தால் வீடு காயும்! நான் இதைச் சொன்னபோது நால்வரும் நம்பவில்லை. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை மேசையில் வைத்து, மழைக்கு நடுவே இரண்டு பக்கமும் சன்னலைத் திறந்து காட்டிய பிறகே நம்பினார்கள். கண்ணெதிரே எண் இறங்கியது.

சன்னல் சாத்திய வீட்டுக்குள் ஈரம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. நான்கு பேர் மூச்சு விட்டு, குளித்து, சமைத்து, துணி உலர்த்தினால் ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் நீர் வீட்டுக் காற்றில் கலக்கிறது. துவைத்த துணியை ஒரு தடவை அறைக்குள் உலர்த்தினாலே ஏறக்குறைய 2 லிட்டர். வெளியே கொடியில் போட வழியில்லாததால் எல்லாத் துணியும் படுக்கையறையில்தான் காய்ந்தது. போதாததற்கு, மின்கட்டணத்துக்குப் பயந்து, புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் ஒன்றைக் கணவன் வாங்கி வந்தார். எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகும். ஒரு கிலோ வாயுவுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அறை சூடானது உண்மை, ஆனால் அதே ஹீட்டர் அறையை நனைத்துக்கொண்டும் இருந்தது. சன்னல் சாத்திய அறையில் அதனால் கார்பன் மோனாக்சைடு சேரும் ஆபத்தும் உண்டு. ஈரத்தை விட எனக்கு அதுதான் அதிகக் கவலை தந்தது. அதை அகற்றச் சொன்னதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

சிக்கனம் இன்னொரு வகையிலும் கெடுத்தது. கூடத்தை மட்டும் சூடாக்கி, படுக்கையறையைச் சூடாக்காமல் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள், "சூடு தானா அங்க போகும்" என்று. சூடு போவதற்கு முன்பே நீராவி போய்ச் சேர்ந்தது. வீட்டிலேயே குளிர்ந்த இடம் எதுவோ அங்கேதான் அது நீராகப் படியும். நான் அளந்தபோது படுக்கையறையில் 17 டிகிரி, ஈரப்பதம் 78 சதவீதம். அந்தக் காற்று 13 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் கோத்துக்கொள்ளும். இதைத்தான் பனிநிலை என்கிறோம். வெளிச்சுவரோடு ஒட்டி வைத்த துணி அலமாரிக்குப் பின்னால் சுவரின் வெப்பநிலை 12-க்கும் கீழே. அலமாரியை நகர்த்தினால், ஆளுயரத்துக்குக் கருத்த பூஞ்சை. உள்ளே தோல் செருப்புகளிலும் பெல்ட்டிலும் வெள்ளைப் பூசணம்.

இதற்குள் வீட்டுக்காரரோடு சண்டை முற்றியிருந்தது. "நீங்க காத்தோட்டமே விடல" என்றார் அவர். "உங்க சுவர் ஒழுகுது" என்றார்கள் இவர்கள். ஒழுக்கா, உள்ளேயே கோத்த நீரா என்று பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினமில்லை. ஒழுக்கு என்றால் மழை சாய்ந்து அடிக்கும் பக்கத்தில், மழைக்குப் பிறகு கறை பெரிதாகும். உள்ளே கோக்கும் நீர் மூலைகளிலும், மரச்சாமான்களின் பின்னாலும், சன்னல் ஓரத்திலும், மழை பெய்யாத குளிர்ந்த இரவுகளிலும்கூட வரும். இங்கே நடந்தது இரண்டாவது வகை. அதனால் குடும்பத்தின் மேல்தான் பழி என்று நான் சொல்ல மாட்டேன். வெப்பக் காப்பு எதுவும் இல்லாத வெற்றுச் சுவரை, ஈர ஊரில் வாடகைக்கு விட்டது வீட்டுக்காரரின் பொறுப்பு. அந்தச் சுவர் 15 டிகிரியில் இருந்திருந்தால் இவர்கள் செய்த இத்தனைக்கும் பிறகும் இவ்வளவு பூஞ்சை வந்திருக்காது. உலக சுகாதார அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டு ஈரமும் பூஞ்சையும் இருமல், இளைப்பு, ஆஸ்துமாவோடு தொடர்புடையவை என்று தெளிவாகவே சொல்கிறது. ஒரு குழந்தை தூங்கும் அறை அது. எனக்கு அதில் கோபம் உண்டு.

மனைவியின் சோர்வு

வெயில் ஊரில் புத்தியுள்ளவர்கள் காலையிலும் மாலையிலும் வெளியே போவார்கள். நண்பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளே இருப்பார்கள். மனைவி இங்கேயும் அதையே செய்தார். காலை இருட்டில் நடை, மாலை இருட்டில் கடை. பகலில் வீட்டிலிருந்தே வேலை, திரை போட்ட அறையில். நவம்பர் கடைசிக்குள் பத்து மணி நேரம் தூங்கியும் களைப்பு தீரவில்லை. மனம் எதிலும் ஒட்டவில்லை. எடை கூடியது. "எனக்கே என்னைப் பிடிக்கல அண்ணா" என்று தொலைபேசியில் சொன்னார். வீட்டில் எல்லோரும் அதைப் பிறந்த ஊரின் ஏக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஏக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் வெளிச்சத்தை அளந்து பாருங்கள். தெளிந்த வெயிலில் 1 லட்சம் லக்ஸ் வரை இருக்கும். மேகம் மூடிய நண்பகலில்கூடத் திறந்த வெளியில் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். விளக்கு போட்ட கூடத்தில் 100 முதல் 300 வரைதான். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் உறைப்பதில்லை. மூளையில் நாளின் கடிகாரத்தை ஓட்டும் பகுதிக்கு அது உறைக்கிறது.

பருவகால மனச்சோர்வு என்ற நோய்க்கு 1984-இல் இலக்கணம் வகுத்த நார்மன் ரோசந்தால், ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்து நியூயார்க்குக்குப் போனவர். அங்கே குளிர்காலங்களில் தன் வேகம் குறைவதைத் தானே கவனித்தவர். வெயில் நாட்டிலிருந்து வந்ததால்தான் அந்த வேறுபாடு அவருக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். 2006-இல் கனடாவில் 96 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் உட்கார்ந்தவர்களும், ஃப்ளூஆக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தேறினார்கள்.

மனைவி மருத்துவரைப் பார்த்தார். அதுவும் கொஞ்சம் வற்புறுத்திய பிறகுதான். காலையில் விளக்கு, நண்பகலில் தூறலோ இல்லையோ வெளியே நடை, அறையில் திரையே கூடாது என்பவை அவருக்குச் சொல்லப்பட்டன. கண் நோய் உள்ளவர்களும், மனஎழுச்சி மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களும் இந்த விளக்கைத் தாங்களாக வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரத்தில் குரலிலேயே மாற்றம் தெரிந்தது. விளக்கை விட நண்பகல் நடைதான் தன்னைக் காப்பாற்றியது என்று அவர் சொல்கிறார். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கியதால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது.

தாயார்

தாயாரின் கதை எனக்கு அதிக வருத்தம் தந்தது, ஏனென்றால் அவர் எதையுமே புகாராகச் சொல்லவில்லை. மாடிப்படி ஏறும்போது தொடை வலி. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. "வயசாச்சு, குளிர் வேற" என்று அவரே முடித்துவிட்டார். மகனும் அதை நம்பிவிட்டார்.

தோலில் வைட்டமின் டி உண்டாக, வெயிலின் புற ஊதா பி கதிர் வேண்டும். சூரியன் தாழ்ந்திருக்கும் மாதங்களில் அந்தக் கதிர் காற்று மண்டலத்தைக் கடந்து வருவதற்குள் வடிகட்டப்பட்டுவிடுகிறது. 1988-இல் வெளியான ஓர் ஆய்வு, பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரையும், இன்னும் வடக்கே எட்மன்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரையும், தெளிந்த நாளில்கூடத் தோலில் வைட்டமின் டி உண்டாகவில்லை என்று காட்டியது. கருத்த தோலுக்கு வெயில் இன்னும் கூடுதலாக வேண்டும். வயது ஏற ஏறத் தோலின் திறனும் குறைகிறது. தாயார் கோடையிலும் கழுத்து வரை போர்த்திக்கொண்டே இருந்தார். வீட்டை விட்டுப் படி இறங்கியதே அபூர்வம்.

ரத்தப் பரிசோதனையில் அளவு மிகத் தாழ்ந்திருந்தது. தொடை, இடுப்புத் தசைகள் தளர்வது இந்தக் குறைபாட்டின் அறிகுறி என்று மருத்துவர் விளக்கினார். பிரிட்டனில் 2016 முதல், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதை யோசிக்கலாம் என்றும், கருத்த தோலுள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதை யோசிக்கலாம் என்றும் அரசே சொல்லி வருகிறது. குறைபாடு முற்றிய பிறகு அந்த அளவு போதாது. தாயாருக்கு மருத்துவர் அதிக அளவில் தொடங்கிப் பிறகு குறைத்தார். கோடைக்குள் அவர் கை ஊன்றாமல் எழுந்தார். அந்த வீட்டில் யாராவது ஒருவர் கிளம்புவதற்கு முன்பே இதைப் பற்றி ஒரு மருத்துவரிடம் கேட்டிருந்தால், ஒரு குளிர்காலம் முழுக்க அவர் வலியைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மகள்

இருமலைத் தவிர்த்துப் பார்த்தால், நால்வரில் முதலில் ஊரோடு ஒட்டிக்கொண்டவள் அவள்தான். பெரியவர்கள் "மழை நிக்கட்டும், போலாம்" என்று காத்திருந்தார்கள். மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் ஊரில் அது நல்ல யோசனை. நாள் முழுக்கத் தூறும் ஊரில், வெளியே போகவே வேண்டாம் என்று முடிவு செய்வதும் அதுவும் ஒன்றுதான். பள்ளியில் இடைவேளைக்கு மழையிலேயே பிள்ளைகளை வெளியே விட்டார்கள். தலைமூடி வைத்த மழை ஜாக்கெட், நீர் புகாத கால்சட்டை, ரப்பர் பூட்ஸ். குடையை யாரும் எடுப்பதில்லை, கடற்காற்று அதைப் புரட்டிவிடும். அவளைப் பார்த்துத்தான் தாய் தந்தையர் தங்கள் கனமான கோட்டுகளை உள்ளே வைத்தார்கள். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மெல்லிய கம்பளிக்கு மேலே நீர் புகாத ஓர் அடுக்கு, 8 டிகிரி தூறலுக்கு அதுவே போதும்.

வண்டியின் அடிப்பாகம் உப்புக் காற்றில் துருப்பிடித்தது, கதவு மரம் ஊதிச் சாத்த முடியாமல் போனது போன்றவையும் நடந்தன. அவை எல்லாக் கடலோரத்துக்கும் பொது.

இரண்டாம் ஆண்டு

கோடையில் வீடு மாறினார்கள். இந்த முறை தேடியது முற்றிலும் வேறு வீடு: தெற்குப் பார்த்த பெரிய சன்னல்கள், முன்னால் மரமோ குன்றோ இல்லாத வெளி, இரட்டைக் கண்ணாடி, காப்பிட்ட சுவர், குளியலறையில் வேலை செய்யும் எக்ஸாஸ்ட் ஃபேன். வாடகை கூடுதல். ஹீட்டர் செலவு குறைந்ததில் அதில் ஒரு பகுதி ஈடானது, முழுவதும் ஈடாகவில்லை.

எல்லா அறைகளையும் 18 டிகிரிக்குக் கீழே போகாமல் மிதமாக வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு 2018-இல் பரிந்துரைத்த அளவும் அதுவே. காலையும் மாலையும் எதிரெதிர் சன்னல்களை அகலத் திறந்து பத்து நிமிடம் விடுகிறார்கள். நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பதை விட இது மேல், ஏனென்றால் காற்று முழுக்க மாறிவிடும், சுவரின் சூடு அப்படியே இருக்கும். ஜெர்மனியில் சில வாடகை ஒப்பந்தங்களிலேயே இப்படித் திறக்க வேண்டும் என்று எழுதுவதுண்டு. துணி உலர்த்த ஒரு சின்ன அறை. அதன் கதவைச் சாத்தி உள்ளே, காற்றின் ஈரத்தை இழுத்தெடுக்கும் டீஹியூமிடிஃபையர். வாங்கும்போது கவனித்த ஒன்று: கம்ப்ரசர் வகை, அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் மந்தமாகிவிடும். குளிர்ந்த அறைக்கு, ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து இயங்கும் வகை பொருந்தும். அலமாரிகள் உட்சுவரை ஒட்டி நிற்கின்றன.

ஈரப்பதம் இரண்டாவது குளிர்காலத்தில் பெரும்பாலும் 50-க்கும் 60-க்கும் இடையே இருந்தது. பூஞ்சை வரவில்லை. மகளின் இருமல் வெகுவாகக் குறைந்தது. வீடு மாறியது, அவளும் ஒரு வயது கூடினாள், எனவே காரணம் இது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மனைவி செப்டம்பர் கடைசியிலேயே விளக்கைத் தொடங்கிவிட்டார். சோர்வு வந்தது, ஆனால் வேலையை நிறுத்தும் அளவுக்குப் போகவில்லை.

தாயாரின் விஷயம்தான் இன்னும் முடிவாகவில்லை. உடம்பு தேறிவிட்டது. பேச ஆள் இல்லை என்பதற்கு மாத்திரை கிடையாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழைய ஊரில் உள்ள தன் மகள் வீட்டில் அவர் இருந்துவிட்டு வருவது என்று ஓர் ஏற்பாடு பேசப்பட்டது. மகனுக்கு இதில் சம்மதம், மருமகளுக்கு மனமில்லை. "அத்தை இல்லாம அந்த நாலு மாசம் நான் எப்படி இருப்பேன்" என்கிறார். தாயார் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை.